துண்டான விரலுக்கு ஐஸ் வேண்டும், ஆனால் ஐஸ் மேலே படக் கூடாது

விரல் துண்டாகிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் "ஐஸில் போட்டு எடுத்துக்கொண்டு ஓடு" என்பார்கள். பாதி சரி. மீதிப் பாதியில்தான் விரலே போய்விடுகிறது. டப்பா நிறைய ஐஸ்கட்டியைக் கொட்டி நடுவில் விரலை நேராகப் புதைத்துக் கொண்டுவருவார்கள், அது வெளுத்து விறைத்துக் கட்டையாகிப் போயிருக்கும். இன்னொருவர் டம்ளர் தண்ணீரில் போட்டு எடுத்து வருவார், அது ஊறி உப்பியிருக்கும். வேறொருவர் காய்ந்த துணியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் வண்டி ஓட்டி வந்திருப்பார். மூன்று பேருமே நல்ல எண்ணத்தில் செய்தவர்கள்தான், யாரையும் குறை சொல்ல முடியாது, இதை யார் நமக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

குளிர வேண்டும், ஆனால் உறையக் கூடாது. ஈரம் வேண்டும், ஆனால் ஊறக் கூடாது. கேட்பதற்கு விடுகதை மாதிரி இருக்கிறது, ஆனால் இதற்குள் இருக்கும் காரணம் மட்டும் புரிந்துவிட்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, பதற்றத்தில்கூடக் கை தானாகச் சரியானதைச் செய்யும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். உடம்பிலிருந்து பிரிந்த விரல் அந்த நொடியே செத்துப்போவதில்லை. அதற்குள் இருக்கும் கோடிக்கணக்கான செல்களுக்குத் தாங்கள் துண்டிக்கப்பட்ட விஷயமே இன்னும் எட்டவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், அவை வழக்கம்போல வேலை பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றன. ஆனால் சாப்பாடு வரும் வழி அடைபட்டுவிட்டது. ரத்தம் வந்தால்தான் ஆக்சிஜன் வரும், சர்க்கரை வரும். போகும் ரத்தம்தான் கழிவையும் அள்ளிக்கொண்டு போகும். இரண்டுமே நின்றுவிட்டதால் கையில் இருக்கும் சேமிப்பை வைத்துக் கொஞ்ச நேரம் ஓட்டுகின்றன, ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் குறுக்கு வழிக்குப் போகின்றன, அந்த வழியில் அமிலம் சேர்கிறது.

ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் சவ்வில் ஒரு பம்பு இருக்கிறது. உள்ளே நுழையும் சோடியத்தை வெளியே தள்ளி, பொட்டாசியத்தை உள்ளே இழுத்து வைப்பதுதான் அதன் வேலை, இதற்கு ஓயாமல் எரிசக்தி வேண்டும். சேமிப்பு தீர்ந்ததும் பம்பு நிற்கிறது, சோடியம் உள்ளே புகுகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் புகுகிறது, செல் வீங்குகிறது, கடைசியில் கிழிகிறது. ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவர் களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகுமோ அதுதான்.

ஐஸ் இங்கேதான் வருகிறது. குளிர் எதையும் குணப்படுத்தாது, செல்லின் பசியைக் குறைக்கிறது, அவ்வளவுதான். வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் செல்லின் வேலை வேகம் பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ குறையும். 37 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதே சேமிப்பு, ஆனால் செலவு பத்தில் ஒன்று. கடிகாரம் நிற்கவில்லை, மெதுவாக ஓடுகிறது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை நமக்கு வேண்டியது அது மட்டும்தான்.

அப்படியானால் இன்னும் குளிராக்கினால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. 4 டிகிரியிலிருந்து கீழே இறங்க இறங்கக் கிடைக்கும் லாபம் சொற்பம், ஆனால் பூஜ்யத்துக்குக் கொஞ்சம் கீழே போனதுமே உடம்புத் திசுவில் இருக்கும் தண்ணீர் உறைய ஆரம்பித்துவிடும். உறையும் தண்ணீர் ஊசி ஊசியாகப் படிகமாகும், செல்லைக் குத்தும், செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சி வெளியே இழுக்கும், நுண்ணிய ரத்தக்குழாய்களின் உள்சுவரைக் கெடுத்துவிடும். ஃப்ரீசரில் வைத்த தக்காளியை வெளியே எடுத்து வைத்துப் பாருங்கள், தோல் அப்படியே இருக்கும், தொட்டால் உள்ளே கூழ். விரலுக்கும் அதே கதி. மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தைத்து முடித்து ரத்தத்தைத் திறந்துவிட்டால் ஓடாது.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ்கட்டி 0 டிகிரியில் இருப்பதில்லை. வீட்டு ஃப்ரீசர் வழக்கமாக மைனஸ் 18 டிகிரி. அதிலிருந்து அப்போதுதான் வந்த ஐஸும் கிட்டத்தட்ட அதே குளிரில்தான் இருக்கும். அது நேராகத் தோலில் பட்டால் பட்ட இடம் உறைகிறது. அதே ஐஸைக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலந்துவிட்டால்? ஐஸும் தண்ணீரும் சேர்ந்தே இருக்கும் வரை அந்தக் கலவை 0 டிகிரியில் நிற்கும், அதற்குக் கீழே போகவே போகாது. தெர்மாமீட்டரும் வேண்டாம், ஸ்விட்சும் வேண்டாம், இயற்கையே வெப்பநிலையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நடுவில் ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு ஈரத் துணி என்று இரண்டு அடுக்கு இருப்பதால் உள்ளே இருக்கும் விரல் பூஜ்யத்துக்குச் சற்று மேலேயே இருக்கும். எனக்கு இந்த ஏற்பாட்டில் மிகவும் பிடித்தது இதுதான். கையில் கிடைக்கும் பொருளை வைத்துக்கொண்டு ஆய்வுக்கூடத் துல்லியம்.

அதனால்தான் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கூடவே கூடாது. அது மைனஸ் 78 டிகிரி, விரலைக் கல்லாக்கிவிடும். இரண்டு, ஐஸ் சீக்கிரம் கரையக் கூடாது என்று உப்பைத் தூவாதீர்கள். உப்பு போட்ட ஐஸ் மைனஸ் 20 வரைகூட இறங்கும், ஐஸ்கிரீம் உறைய வைக்கும் பழைய தந்திரமே அதுதான்.

குளிரைப் பார்த்தாகிவிட்டது, அடுத்தது ஈரம். காய்ந்த துணியில் சுற்றினால் வெட்டுப்பட்ட முனை உலர்ந்துபோகும். உலர்ந்த ரத்தக்குழாய் முனையும் நரம்பு முனையும் தையலுக்கு உதவாது, சர்ஜன் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு இன்னும் உள்ளே தள்ளித்தான் தைக்க வேண்டிவரும், அப்போது நீளம் போதாது. சரி, தண்ணீரிலேயே போட்டுவிடலாமே என்றால் அதுவும் தப்பு. சாதாரணத் தண்ணீரில் உப்பு இல்லை, செல்லுக்குள் இருக்கிறது. உப்பு இருக்கும் பக்கம் நோக்கித் தண்ணீர் போகும், ஏற்கெனவே பம்பு தடுமாறும் செல்கள் இன்னும் வீங்கும். அதனால்தான் 0.9 சதவீத உப்பு கரைந்த சலைனைச் சொல்கிறார்கள், அது உடம்பு நீரோடு ஒத்துப்போகும். சலைனிலும்கூட மூழ்கப் போட வேண்டாம். நனைத்துப் பிழிந்த துணி போதும்.

ஆள் முதலில், விரல் அப்புறம்

இவ்வளவு நேரம் விரலைப் பற்றியே பேசினோம். ஆனால் சம்பவ இடத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். துண்டு எங்கே விழுந்தது என்று நான்கு பேரும் குனிந்து தேடிக்கொண்டிருக்க, ஐந்தாவது ஆள் ரத்தம் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடக்கக்கூடிய விஷயம்தான். விரலுக்குப் பல மணி நேரம் அவகாசம் இருக்கிறது, பெரிய தமனி வெட்டுப்பட்டவருக்குச் சில நிமிடம்தான்.

சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்திப் பிடியுங்கள், கையைத் தூக்கி வையுங்கள். விரல் காயங்களில் பெரும்பாலும் இதிலேயே ரத்தம் நின்றுவிடும். முழுதாக வெட்டுப்பட்ட தமனி தானாகவே சுருங்கி உள்ளே இழுத்துக்கொள்ளும், பாதி வெட்டுப்பட்டது அப்படிச் சுருங்க முடியாமல் திறந்தே கிடந்து அதிகம் கொட்டும்; அதனால் துண்டாகாமல் தொங்கும் காயம்தான் சில நேரம் பார்ப்பதைவிட ஆபத்தானது. கையோ காலோ போய், அழுத்தியும் ரத்தம் நிற்கவில்லை என்றால் டூர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்ட வேண்டும், காயத்துக்கு மேலே, மூட்டின் மேல் படாமல். கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள், பேப்பர் இல்லாவிட்டால் அவர் தோலிலேயே பேனாவால் எழுதுங்கள், டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான். ரத்தம் பீச்சும் குழாயைத் தேடிப்பிடித்துக் கிளிப் போடுவது, நூலால் கட்டுவது போன்ற வீரச்செயல்கள் வேண்டாம். நீங்கள் நசுக்கும் அந்த ஓரிரு மில்லிமீட்டரைத்தான் பிறகு தைக்க வேண்டும்.

அவருக்குச் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்காதீர்கள், மயக்கமருந்து கொடுக்க வேண்டியிருக்கும். போர்த்திவிடுங்கள். விரலுக்குத்தான் குளிர், ஆளுக்குக் கதகதப்பு.

விரல் முழுதாகத் துண்டாகாமல் ஒரு தோல் இழையில் தொங்கிக்கொண்டிருந்தால் அந்த இழையை அறுக்காதீர்கள். அந்தச் சின்ன இழைக்குள் ஒரு சிரை தப்பியிருக்கலாம், அது ஒன்றே பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும். இருக்கவேண்டிய நிலைக்கு மெதுவாகக் கொண்டுவந்து, முறுக்கிக்கொள்ளாமல், அட்டை ஏதாவது வைத்து அசையாமல் கட்டிவிடுங்கள்.

கவருக்குள் கவர்

இப்போது துண்டு. ஆளைக் கவனிக்க ஒருவர் இருக்கிறார், நீங்கள் விரலை எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்ததை எல்லாம் எடுங்கள், நசுங்கிப்போயிருந்தாலும், வெறும் தோல் துணுக்காக இருந்தாலும், "இது எதற்கு உதவப்போகிறது" என்று தோன்றினாலும். அந்த முடிவு நம்முடையது இல்லை. ஒட்டவைக்கவே முடியாத விரலிலிருந்துகூடத் தோலையோ நரம்பையோ எலும்பையோ எடுத்துப் பக்கத்து விரலைச் சரிசெய்வார்கள்.

மண், எண்ணெய் ஒட்டியிருந்தால் சலைனையோ சுத்தமான தண்ணீரையோ ஊற்றி ஒரு முறை அலசுங்கள். தேய்க்கக் கூடாது, பிரஷ் போடக் கூடாது, சோப்பு, டிஞ்சர், ஸ்பிரிட், எந்தப் பொடியும் கூடாது. கிருமிநாசினி கிருமியை மட்டும் கொல்வதில்லை, திறந்து கிடக்கும் ரத்தக்குழாய் உள்சுவரையும் சுட்டுவிடும். பிறகு சலைனில் நனைத்துப் பிழிந்த காஸ் துணியில் சுற்றுங்கள். சலைன் இல்லையா, சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணி போதும், பஞ்சு மட்டும் வேண்டாம், இழை இழையாக ஒட்டிக்கொண்டு எடுப்பதற்குள் உயிர் போய்விடும்.

சுற்றியதை ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, காற்றைக் கொஞ்சம் வெளியேற்றி, தண்ணீர் உள்ளே போகாதபடி இறுக்கிக் கட்டுங்கள். இன்னொரு கவருக்குள் இதைப் போட்டால் இன்னும் நிம்மதி. அப்புறம் ஒரு டப்பாவோ வாளியோ பெரிய கவரோ எடுத்து, பாதி ஐஸ், பாதி தண்ணீர் ஊற்றி, அதற்குள் இந்தக் கவரை வையுங்கள். மேலே பேரும் விபத்து நடந்த நேரமும் எழுதுங்கள். பல விரல் போயிருந்தால் தனித்தனிக் கவர். முடிந்தது. நிதானமாகச் செய்தாலே மூன்று நிமிடம்.

ஐஸே கிடைக்காத இடமாக இருந்தால் அதற்காக அலைந்து அரைமணி நேரம் வீணாக்க வேண்டாம், கவரில் கட்டி, வெயிலும் இன்ஜின் சூடும் படாமல் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வழியில் எங்காவது கிடைக்கும். துண்டு கண்ணில் படவே இல்லை என்றாலும் ஆளை உடனே அனுப்பிவிடுங்கள், ஒருவர் பின்னால் நின்று தேடிக் கொண்டுவரட்டும். போகும்போதே போன் செய்து, அங்கே மைக்ரோ சர்ஜரி, அதாவது மைக்ரோஸ்கோப் வைத்து நுண்ணிய ரத்தக்குழாய்களைத் தைக்கும் ஆபரேஷன், செய்யும் டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்வது நல்லது, ஏனென்றால் எல்லா ஆஸ்பத்திரியிலும் இது நடக்காது, ஓரிடத்தில் இறக்கி இன்னோரிடத்துக்கு ஏற்றுவதில் போகும் நேரம்தான் பெரும்பாலும் அதிகம்.

இங்கே இடையில் பல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாலில் போட வேண்டும் என்று எங்கேயோ கேள்விப்பட்டு விரலைப் பாலில் போடுகிறவர்கள் உண்டு. பால் பல்லுக்கு. அடிபட்டு வேரோடு விழுந்த நிரந்தரப் பல்லை வேர்ப் பக்கம் தொடாமல் மேல்பக்கம் பிடித்து, லேசாக அலசி, முடிந்தால் குழியிலேயே திரும்பச் செருகிக் கடித்துக்கொள்ள வைக்க வேண்டும்; முடியாவிட்டால் பாலில் போட்டு உடனே பல் டாக்டரிடம் ஓட வேண்டும். அங்கே காப்பாற்ற வேண்டியது வேரின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய செல் படலத்தை, அதற்குப் பாலின் உப்பும் அடர்த்தியும் பொருந்திப்போகிறது. அவகாசமும் மிகக் குறைவு, அரைமணிக்குள் குழிக்குப் போய்விட்டால் நல்லது. குழந்தையின் பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது, அடியில் வளரும் நிரந்தரப் பல் கெட்டுவிடும்.

விரலுக்கு ஒரு கணக்கு, கைக்கு ஒரு கணக்கு

எவ்வளவு நேரம் தாங்கும்? சர்ஜன்கள் சொல்லும் பொதுவான கணக்கு இது. விரலாக இருந்தால், குளிரவைக்காமல் 12 மணி நேரம், குளிரவைத்தால் 24 மணி நேரம். மணிக்கட்டுக்கு மேலே, தசை நிறைந்த கையோ காலோ என்றால், குளிரவைக்காமல் 6, குளிரவைத்தால் 12. சின்ன விரல் பெரிய கையைவிட அதிக நேரம் தாங்குவது விசித்திரமாகத் தோன்றும். விரலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்: எலும்பு, தோல், நரம்பு, ரத்தக்குழாய், தசைநாண். தசை கிடையாது. விரலை மடக்கும் தசை முன்கையில் இருக்கிறது, அங்கிருந்து கயிறு போலத் தசைநாண்தான் விரலுக்குள் வருகிறது. பட்டினியை எல்லாரையும்விட முதலில் தாங்க முடியாமல் விழுவது தசைதான். தசையே இல்லாத விரல் அதனால்தான் தாக்குப்பிடிக்கிறது. 1988-ல் தைவானிலிருந்து வந்த ஒரு மருத்துவ அறிக்கையில், ஒரே நோயாளியின் மூன்று விரல்கள் 84, 86, 94 மணி நேரம் குளிரில் இருந்த பிறகும் ஒட்டிப் பிழைத்தது பதிவாகியிருக்கிறது. ஆகவே அவசரமில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சரியான குளிர் என்ன செய்யும் என்று காட்டத்தான் சொன்னேன்.

கை கால் விஷயத்தில் நேரம் தாண்டினால் ஒட்டாது என்பதோடு முடிவதில்லை. செத்த தசைக்குள் பொட்டாசியமும் அமிலமும் மயோகுளோபின் என்ற புரதமும் தேங்கிக் கிடக்கும். தைத்து ரத்தத்தைத் திறந்துவிட்ட நொடியில் அத்தனையும் உடம்புக்குள் பாயும். பொட்டாசியம் இதயத் துடிப்பைக் குலைக்கும், மயோகுளோபின் சிறுநீரகத்தை அடைக்கும். கையைக் காப்பாற்றப் போய் ஆளை இழக்கும் நிலைமை அது. அதனால்தான் பெரிய துண்டாக இருந்தால் எலும்பைச் சேர்ப்பதற்கு முன்பே ஒரு தற்காலிகக் குழாய் வைத்து ரத்தத்தை ஓடவிடுகிறார்கள், சில நேரம் ஒட்டவைக்க வேண்டாம் என்றே முடிவெடுக்கிறார்கள். "கை நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாட்டேன் என்கிறார்கள்" என்று வெளியே நிற்பவர்களுக்குக் கோபம் வரும். அந்தக் கணக்கு உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

தானம் செய்யப்பட்ட உறுப்புகள் ஐஸ் பெட்டியில் போவதும் இதே தத்துவம்தான். கிருமி நீக்கிய கவர்கள் இரண்டு மூன்று, ஒன்றுக்குள் ஒன்று, சுற்றி ஐஸ், உறுப்பின் மேல் ஐஸ் படாது. அவகாசமும் அதே பசிக் கணக்கை ஒட்டித்தான் வருகிறது. இதயம் முழுக்க முழுக்கத் தசை, ஓய்வே தெரியாத தசை, அதற்கு 4 முதல் 6 மணி நேரம். கல்லீரல் 12 மணி வரை. சிறுநீரகம் ஒரு நாளுக்கு மேலும் தாங்கும். இதயம் வரும்போது சாலையை மறித்து வழிவிடுவதும், சிறுநீரகம் சாதாரண விமானத்தில் வந்து சேர முடிவதும் அதனால்தான். கண்ணின் கருவிழி இன்னும் ஒரு படி மேலே. அதற்கு ரத்தக்குழாயே கிடையாது, பாதுகாப்புத் திரவத்தில் போட்டுக் குளிரில் வைத்தால் இரண்டு வாரம் வரைகூட இருக்கும்.

விரலுக்குத் துணியில் நனைத்த சலைன் போதும் என்றோம், உறுப்புக்கு அது போதாது. குளிரில் பம்பு முழுசாக நிற்கவில்லை என்றாலும் மிகவும் தளர்ந்துவிடும் இல்லையா, அதனால் வெளியே இருக்கும் திரவத்தையே செல்லின் உட்பக்கம் மாதிரி தயாரித்துவிட்டால் சோடியம் புக வேண்டிய அவசியமே இருக்காது. பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, செல் வீங்காமல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெரிய மூலக்கூறுகள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதார்டும் 1980-களில் இப்படி உருவாக்கிய திரவத்துக்கு இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர்தான். அதை உறுப்பின் ரத்தக்குழாய் வழியே செலுத்தி, உள்ளே இருக்கும் ரத்தம் முழுவதையும் கழுவி எடுத்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். இப்போது ஐஸையே விட்டுவிட்டு, உறுப்பை ஒரு மிஷினில் மாட்டி, உடம்புச் சூட்டிலேயே ரத்தம் ஓடவிட்டுக் கொண்டுபோகும் முறையும் வந்துவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் கல்லீரல் பித்தநீர் சுரந்துகொண்டிருக்கும், அதை வைத்தே அது நன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். 2021-ல் சூரிச்சில் ஒரு கல்லீரலை மூன்று நாள் இப்படி மிஷினில் வைத்திருந்து, அப்புறம் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பட்டினியைத் தள்ளிப்போடுவதற்குப் பதில் சாப்பாடே போட்டுவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

கவரைப் பிரித்த பிறகு

நீங்கள் கட்டிக் கொடுத்த கவர் பெரும்பாலும் நோயாளிக்கு முன்பே ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விடும். கீழே எமர்ஜென்சியில் அவருக்கு ரத்தம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கும்போதே, மேலே ஒருவர் விரலை மட்டும் மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்து, இரண்டு பக்கமும் கீறித் திறந்து, தமனி எங்கே, நரம்பு எங்கே, சிரை எங்கே என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து அடையாளம் போட்டு வைப்பார். விரல் தமனி ஏறக்குறைய 1 மி.மீ. அகலம். அதைத் தைக்கும் நூல் தலைமுடியில் பாதித் தடிமன்கூட இருக்காது, மேஜையில் விழுந்தால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. காய்ந்த முனை, ஊறிய முனை, உறைந்த முனை என்று மேலே சொன்னதெல்லாம் இந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றித்தான்.

முதலில் எலும்பு. இரண்டு பக்கமும் கொஞ்சம் நறுக்கிக் குட்டையாக்கிக் கம்பி போட்டுச் சேர்ப்பார்கள், குட்டையாக்கினால்தான் ரத்தக்குழாய்களை இழுக்காமல் தைக்க முடியும். பிறகு தசைநாண், தமனி, நரம்பு, சிரை, தோல். சர்ஜனுக்குச் சர்ஜன் வரிசை கொஞ்சம் மாறும். ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகிவிடும், நான்கு விரல் என்றால் இரவு முழுக்க நடக்கும். கத்தி போல நறுக்கென்று வெட்டியது என்றால் வாய்ப்பு நன்றாக இருக்கும், நசுங்கியதும் மோதிரம் மாட்டிப் பிய்த்துக்கொண்டு வந்ததும் கஷ்டம், ஏனென்றால் குழாய் வெட்டிய இடத்தில் மட்டும் கெடாமல் உள்ளே நெடுந்தூரம் நைந்திருக்கும். கட்டைவிரல் என்றால் எப்படியாவது முயற்சி செய்வார்கள், அது போனால் கையின் பயனில் பாதியே போன மாதிரி. குழந்தைகளுக்கு எந்த விரலானாலும் முயற்சி செய்வார்கள்.

இதெல்லாம் அவ்வளவு பழைய கதையும் இல்லை. 1962-ல் பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ரொனால்ட் மால்ட் குழுவினர், ரயிலில் சிக்கித் தோளுக்கு அருகே கை துண்டான 12 வயதுச் சிறுவனுக்கு அந்தக் கையைத் திரும்பப் பொருத்தினார்கள். முழுதாகத் துண்டான ஒரு கை ஒட்டி நிலைத்தது அதுதான் முதல் முறை. அடுத்த ஆண்டே ஷாங்காயில் சென் சோங்வெய் குழு ஒரு தொழிலாளியின் கையை ஒட்டவைத்தது. விரலுக்கு இன்னும் இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, அவ்வளவு சின்னக் குழாயைத் தைக்க மைக்ரோஸ்கோப்பும் நூலும் தயாராக வேண்டுமே. 1965-ல் ஜப்பானின் நாராவில் கோமாட்சுவும் தமாயும் ஒரு கட்டைவிரலை ஒட்டினார்கள்.

தைத்து முடித்ததோடு கடிகாரம் நிற்பதில்லை. வார்டில் மணிக்கு ஒரு முறை நர்ஸ் விரல் நுனியைப் பார்ப்பார், அழுத்திவிட்டு நிறம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று எண்ணுவார். வெளுத்தால் தமனி அடைத்திருக்கிறது, ரத்தம் வரவில்லை. நீலம் பாரித்து உப்பினால் சிரை அடைத்திருக்கிறது, வந்த ரத்தம் திரும்பப் போகவில்லை. இந்த இரண்டாவது பிரச்சினைக்குத்தான் அட்டையை விடுகிறார்கள். ஆமாம், ரத்தம் உறிஞ்சும் அட்டைதான், அதற்கென்றே சுத்தமாக வளர்க்கப்பட்டவை. தேங்கிய ரத்தத்தை அது குடிப்பது கொஞ்சம்தான், ஆனால் அதன் எச்சிலில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹிருடின் இருப்பதால், அது விழுந்த பிறகும் கடிவாயிலிருந்து பல மணி நேரம் ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும், புதிய சிரைகள் வளரும் வரை இந்தக் கசிவே சிரையின் வேலையைப் பார்க்கும். 1985-ல் பாஸ்டனில் ஜோசப் அப்டன் ஒரு சிறுவனின் துண்டான காதை இப்படித்தான் காப்பாற்றினார். 2004-ல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அட்டையை ஒரு மருத்துவச் சாதனமாகவே அங்கீகரித்துவிட்டது.

இந்த நாட்களில் அறையைக் கதகதப்பாக வைத்திருப்பார்கள், சிகரெட்டை அந்தப் பக்கமே வரவிட மாட்டார்கள். நிகோடின் அந்த ஒரு மில்லிமீட்டர் குழாயைச் சுருக்கிவிடும், குளிரும் அப்படித்தான். அதுவரை காப்பாற்றிய குளிரே, ரத்தம் ஓட ஆரம்பித்த பிறகு எதிரியாகிவிடுகிறது. நரம்பு ஒரு நாளைக்கு 1 மி.மீ. வீதம்தான் வளரும், விரல் நுனியில் உணர்ச்சி வரப் பல மாதம் ஆகும், வந்தாலும் பழையபடி முழுசாக வருவதில்லை. ஒட்டிய விரல்காரர்கள் அதிகம் சொல்லும் புகாரும் குளிரைப் பற்றித்தான். குளிர்காலக் காலையில் அந்த ஒரு விரல் மட்டும் விண்ணென்று வலிக்கும், பல ஆண்டு கழித்தும்கூட. அதனால் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுக்கும்போது பலர் தன்னையறியாமல் இன்னொரு கையைத்தான் நீட்டுவார்கள்.